எனக்காக நடப்பவர்கள்

வெள்ளவத்தையில் ஒரு தமிழருக்கு வருத்தம் வந்தால் அது குணமாகிறதோ இல்லையோ, அதற்கென்று ஒரு சங்கம் நிச்சயம் உருவாகும். சங்கம் உருவானால் தலைவர் வேண்டும், தலைவருக்கு மேலே போசகர் வேண்டும், போசகருக்குப் பொன்னாடை வேண்டும். இவ்வளவும் வந்து சேர்ந்த பிறகு, வருத்தக்காரரும் ஒருவர் வேண்டுமே என்று கடைசியில்தான் ஞாபகம் வரும். அப்படி ஞாபகத்துக்கு வந்தவள் நான்.

என் பெயர் சுபோதினி. கொட்டாஞ்சேனையில் ஒரு சுங்க முகவரின் கந்தோரில் வேலை பார்த்தவள். கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், தொடர்மாடிக் கட்டடத்தின் நாலாம் மாடியில் நானும் என் கணவர் தவராசாவும் இருக்கிறோம். எனக்கு வலது மார்பில் புற்றுநோய் வந்தது. ஊசி மருந்தெல்லாம் ஏற்றி, தலைமயிர் கொட்டி, அதன்பிறகு மார்பை எடுத்தார்கள். இதை இப்படி வெளிப்படையாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பேரவை என்று பெயர் வைத்த அந்தச் சங்கத்தில் ஒருவரும் இந்தச் சொல்லை வாயால் சொல்வதில்லை. அங்கே இதற்குப் பெயர் மேற்படி. மேற்படி வருத்தம், மேற்படி இடம், மேற்படி சத்திரசிகிச்சை. மேலே எங்கேயும் சொல்லாத ஒன்றை எப்படி மேற்படி என்கிறீர்கள் என்று ஒருமுறை எழுந்து கேட்டேன். இருக்கச் சொன்னார்கள், இருந்தேன்.

சத்திரசிகிச்சை செய்த டொக்டர் சிங்களப் பெண். தெரிந்த தமிழையும் சிங்களத்தையும் கலந்து, எனக்கு விளங்கும்வரை பொறுமையாகச் சொன்னாள். இனி எனக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை செய்யவேண்டும். வார்ட்டில் அதைக் கரண்ட் பிடிக்கிறது என்பார்கள். அந்த மெஷினுக்குக் கீழே படுக்கும்போது வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி அப்படியே வைத்திருக்க வேண்டும். கை மேலே போகாவிட்டால் தொடங்கவே மாட்டார்கள். கண்டபாட்டுக்குப் பிந்தினால் மிச்சம் சொச்சம் இருக்கிற வருத்தம் திரும்பவும் தலை தூக்கலாம். ஆகவே சுவருக்குப் பக்கத்தில் நின்று விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏறிப் பழக வேண்டும். தினமும் நடக்கவும் வேண்டும். நடந்தால் களைப்புக் குறையும், நித்திரை வரும், மனம் தெளியும், உடம்பு ஊதாது. நடக்கிற பெண்களுக்கு வருத்தம் திரும்பி வருவது குறைவு என்று சில ஆராய்ச்சிகள் சொல்கின்றன, அடித்துச் சொல்ல இன்னும் காலம் வேண்டும், ஆனால் சும்மா படுத்திருந்து தேறியவரை நான் காணவில்லை என்றாள்.

அடுத்த கட்டிலில் கிருலப்பனையைச் சேர்ந்த ருக்கியா இருந்தாள். ஒரே கிழமையில் இரண்டு பேருக்கும் வெட்டினார்கள். வீட்டுக்குப் போனதும் சேர்ந்து மரீன் டிரைவில் நடப்பதென்று கட்டிலில் படுத்தபடியே பேசிவைத்தோம். நடக்கவும் செய்தோம். கடல்காற்றும் ருக்கியாவின் கதையும் சேர்ந்து, முதல் கிழமையிலேயே எனக்குப் பசிக்கத் தொடங்கியது. சுவரில் என் விரல்கள் இடுப்பளவிலிருந்து நெஞ்சளவுக்கு ஏறின. நான் பிழைத்துவிடுவேன் என்று எனக்கே நம்பிக்கை வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் திரு. இரத்தினசிங்கம் கனடாவிலிருந்து திரும்பி வந்தார்.

அவர் ஓய்வுபெற்ற பொறியியலாளர். எங்கள் தொடர்மாடிப் பராமரிப்புக் குழுவுக்கும், பழைய மாணவர் சங்கத்துக்கும், வேறு எத்தனையோ சங்கங்களுக்கும் தலைவர். மகனிடம் போயிருந்த இடத்தில், புற்றுநோய் வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் கூடி நடப்பதைக் கண்டிருக்கிறார். உடற்பயிற்சி இந்த நோய்க்கு நல்லது என்று அங்கே யாரோ மேடையில் சொன்னதையும் கேட்டிருக்கிறார். கொழும்புத் தமிழருக்கு இப்படியொன்று இல்லையே என்ற கவலையில் அவருக்கு விமானத்தில் நித்திரையே இல்லையாம். வந்து இறங்கிய கிழமையே கொழும்புத் தமிழ் மகளிர் உடற்பயிற்சி உந்துசக்திப் பேரவை பிறந்துவிட்டது. பெயரில் எல்லாம் இருந்தது, வருத்தம் மட்டும் இல்லை. மரீன் டிரைவில் என்னையும் ருக்கியாவையும் கண்டு, வாகனத்தை நிறுத்தி, கைகூப்பி அழைத்தார். ருக்கியா தனக்கு உம்மாவைப் பார்க்க வேண்டும் என்று மெல்ல நழுவினாள். எனக்கு நழுவத் தெரியாது. அதற்கும் ஒரு பயிற்சி வேண்டும்.

அங்குரார்ப்பண விழா காலி வீதியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. என்னைப்போல பத்துப் பன்னிரண்டு பெண்களைக் கூட்டிவந்து, முன்வரிசையில், வெல்வெட் போட்ட கதிரைகளில் இருத்தினார்கள். மங்கள விளக்கேற்றல், தேவாரம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, ஆசியுரை, போசகர் உரை, பேரவைக் கீதம். இரத்தினசிங்கம் தலைமையுரையில், அசையாமல் இருப்பதுதான் இந்த யுகத்தின் பெரிய நோய் என்று முழங்கினார். ஒரே இடத்தில் அமர்ந்திருப்பவரின் இரத்தம் தேங்குகிறது, தசை உருகுகிறது, மனம் சோர்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனார். சொல்லச் சொல்ல எனக்குக் கை விறைத்து, தோள் நெருப்பாக எரிந்தது. கொஞ்சம் எழுந்து நிற்போம் என்று எழும்பினேன். ஓடிவந்த தொண்டர்கள் இரண்டு பேர் என் தோளைப் பிடித்து, பூவை வைப்பதுபோல என்னைத் திரும்பவும் கதிரையில் வைத்தார்கள்.

பேரவையின் மகளிர் அணித் தலைவி கௌரி என் காதுக்குள் குனிந்தார். அவர் எங்கள் மாடியிலேயே, எதிர்க் கதவில் இருப்பவர்.

"நீங்க இருங்கோ சுபோ. உங்களுக்காகத்தானே நாங்கள் நிக்கிறம்."

அது ஒரு மரியாதைப் பேச்சு என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். பேரவையின் கொள்கையே அதுதான் என்று பிறகுதான் விளங்கியது. விழா முடிந்து ரோல்ஸும் நெஸ்கபேயும் தந்தபோது, தட்டைக்கூட என் கையில் தரவில்லை. கௌரி ஊட்டிவிட்டார்.

அடுத்தது மாபெரும் நடைபவனி. வெள்ளவத்தையிலிருந்து கோல்பேஸ் திடல் வரை. நான் சப்பாத்தெல்லாம் போட்டு, ஆசையோடு போய் நின்றேன். தெருவில் ஒரு லொறி நின்றது. இளஞ்சிவப்புத் துணி சுற்றி, வாழைமரம் கட்டி, மேலே கதிரைகள் வைத்திருந்தார்கள். கதிரைகள் எங்களுக்கு. லொறியின் எஞ்சினை நிறுத்திவிட்டு முன்னால் வடம் கட்டினார்கள். ஆடிவேல் திருவிழாவுக்குத் தேர் இழுத்துப் பழகிய ஊர், வடத்தைக் கண்டால் சும்மா இருக்குமா? சங்கத்தார், வங்கியார், பழைய மாணவர், பொலிஸ்காரர் என்று பெரிய கூட்டமே வடம் பிடித்தது. நாங்கள் மேலே அசையாமல் இருந்தோம். பம்பலப்பிட்டிச் சந்தியில் ஒருவர் எங்களுக்கு முன்னால் தேங்காய் உடைத்தார். வயதான ஒருவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். ஒரு பெண் அர்ச்சனைத் தட்டோடு ஏறிவந்து, எந்தப் பெயருக்கு என்று கௌரியிடம் விசாரித்தாள். கோல்பேஸில் இறங்கியபோது வடம் பிடித்தவர்களுக்கெல்லாம் வேர்த்து, முகம் மலர்ந்திருந்தது. எனக்குக் கை வீங்கியிருந்தது.

எங்கள் ஆட்களுக்கு மட்டும் தோன்றக்கூடிய அந்தப் பிழை அங்கேதான் தோன்றியது. வருத்தக்காரருக்காக வீட்டிலுள்ளவர்கள் நேர்த்தி வைப்பது எங்களுடைய வழக்கம். மகனுக்குக் காய்ச்சல் என்றால் தாய் விரதம் பிடிப்பாள். மனைவிக்கு ஏலாது என்றால் கணவன் காவடி எடுப்பான், வீதியில் புரள்வான். பலன் படுத்திருப்பவருக்குப் போய்ச் சேரும். இதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கோல்பேஸ் மேடையில் இரத்தினசிங்கம் இதை எடுத்துச் சொல்லி, காவடியை மற்றவர் எடுக்கலாம் என்றால் தேகாப்பியாசத்தை ஏன் எடுக்கக்கூடாது என்று கேட்டார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பிரதிநிதி நடை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பிரதிநிதி. அவர் நடப்பார், கை காலை வீசுவார், மூச்சுப் பயிற்சி செய்வார். நோயாளி அமைதியாக இருந்து பலனை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

என் பிரதிநிதி என் கணவர்.

அவரைப்பற்றிச் சொல்லவேண்டும். தவராசா வாயில்லாப் பூச்சி. வங்கியில் வேலை பார்த்த காலம் முழுக்கக் கூட்டத்தில் கடைசிக் கதிரையில் இருந்தவர். எனக்கு வருத்தம் என்று தெரிந்த அன்று ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று குழந்தைபோல அழுதார். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், வீட்டுக்குள்ளே சாமான்களை இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். அந்த மனிசனுக்குப் பேரவை ஒரு வெள்ளை ரீசேட்டும், சப்பாத்தும், தோளுக்குக் குறுக்கே போடும் பட்டியும் கொடுத்து, உம்முடைய மனைவியின் உயிர் உம்முடைய காலில் இருக்கிறது என்று சொன்னது. அவர் நம்பினார். விடியமுதல் எழும்பி என் காலைத் தொட்டுவிட்டுப் போவார். மரீன் டிரைவில் நடந்து, குந்தி எழும்பி, கைகளைத் தலைக்கு மேலே தூக்கித் தூக்கி இறக்கிவிட்டு, பனியனைப் பிழிந்தால் தண்ணீர் ஓடும்படி வருவார். வந்து என்னைப் பார்த்து, எப்படி இருக்குது என்று கேட்பார். நல்லாயிருக்குது என்றால் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதை அணைக்க எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சக் காலத்தில் அவருடைய சீனி இறங்கியது. வயிறு வற்றியது. குறட்டையும் நின்றது. உடற்பயிற்சியால் எவ்வளவு நன்மை என்பதை நான் என் கண்ணாலேயே கண்டேன்.

எனக்குக் கையை நெஞ்சளவுக்குத் தூக்குவதே பிறகு கஷ்டமானது. ஏனென்றால் அடுத்ததாகத் தூளி வந்தது. பிரதிநிதி ஒருவர் கையை வீசும்போது நோயாளியும் வீசினால் பலன் இரண்டாகச் சிதறிப்போகும் என்று செயற்குழு கண்டுபிடித்திருந்தது. அதனால் மேற்படிக் கையைக் கழுத்திலிருந்து தொங்கும் ஒரு தூளியில் வைத்துக்கொள்ள வேண்டும். இளஞ்சிவப்புச் சாட்டின் துணி, ஓரத்தில் சரிகை, நடுவில் பேரவையின் சின்னம். ஓடுகிற பெண்ணின் உருவம்தான் சின்னம். கௌரி அதை என் கழுத்தில் கட்டிவிட்டு, கண்ணில் நீர் மல்க ஒரு படமும் எடுத்தார். அந்தத் தூளியோடுதான் நான் படுத்தேன், எழும்பினேன், சாப்பிட்டேன்.

கழற்றிவிட்டு இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்பது சுகம். மகளிர் அணியார் முறைவைத்து என் வீட்டுக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். அதற்கு அன்புப் பராமரிப்பு என்று பெயர். ஒருவர் போனால் அடுத்தவர் வருவார். இடியப்பம் கொண்டுவருவார்கள், கால் பிடிப்பார்கள், என் முகத்தையே பார்த்துக்கொண்டு கதிரையில் இருப்பார்கள். சமையலறைக்குள் போனால் கூடவே வந்து தண்ணீரை எடுத்துத் தருவார்கள். என் தொலைபேசியையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள், சத்தம் கேட்டால் எனக்குப் படபடப்பு வருமாம். ருக்கியா எடுத்தபோதெல்லாம் நான் ஆறுதலாக இருப்பதாகவே அவளுக்குச் சொல்லப்பட்டது.

ஒருநாள் முறைக்கு வந்தவர் கதிரையிலேயே கண்ணயர்ந்துவிட்டார். நான் சத்தமில்லாமல் எழும்பி, தூளியை விலக்கி, ஹோலில் வெறுமையாக இருந்த ஒரே சுவரில் விரல்களை வைத்தேன். மற்றச் சுவர்களில் சாமிப்படம், ரீவி, யன்னல். விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. நோவில் கண்ணீர் வந்தது, ஆனால் ஏறின. கழுத்தளவுக்கு வந்தபோது திரும்பிப் பார்த்தேன். கௌரி கதவடியில் நின்றார். வந்து என் கையை மெல்ல எடுத்து, பழையபடி தூளிக்குள் வைத்து, சரிகையைத் தடவிச் சரிசெய்தார். மறுநாள் பேரவையின் அன்பளிப்பாக ஒரு பெரிய இரும்பு அலுமாரி வந்தது. அதை அந்தச் சுவரோடு சேர்த்து வைத்துவிட்டுப் போனார்கள். குளியலறைக்குள் ஒரு சுவர் இருக்கிறதே என்று எனக்குள் திட்டம் போட்டேன். நான் உள்ளே விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று அந்தக் கதவின் தாழ்ப்பாளையும் அன்றைக்கே கழற்றிவிட்டார்கள். அன்று முதல்தான் எனக்குப் பயம் பிடித்தது. புற்றுநோய்க்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

ருக்கியா ஒருநாள் தொலைபேசியை நம்பாமல் நேரே வந்துவிட்டாள். அவளுக்குக் கரண்ட் பிடிப்பு பாதி முடிந்திருந்தது. கறுத்திருந்தாள், களைத்திருந்தாள், ஆனால் நடந்து வந்தாள். லிப்டில் ஏறாமல் படியேறி வந்ததாகச் சொன்னாள். பேச்சோடு பேச்சாக, அலுமாரிக்கு மேலே இருந்த விசிறியைக் கையை நீட்டி எடுத்து விசிறிக்கொண்டாள். முறைக்கு இருந்த பெண்மணி கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒங்கட ஆக்கள் ஒங்கள சாமியாக்கி வெச்சீக்காங்க சுபோ," என்றாள் ருக்கியா, என் தூளியைத் தொட்டுப் பார்த்து. "சாமி கரண்ட் புடிக்கப் போக ஏலா. எழும்புங்க, என்னோட வாங்க."

நான் எழும்பினேன். முறைக்கு இருந்தவர் கதவைத் திறந்து எதிர்க் கதவைத் தட்டினார். கௌரி வந்தார், தொண்டர்கள் வந்தார்கள், தலைவரே வந்தார். யாரும் ருக்கியாவை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. எல்லாரும் சுற்றி நின்று சிரித்தபடி, அவளுக்குத் தேத்தண்ணி தந்து, சுகம் விசாரித்து, லிப்ட்வரை கூட்டிப்போய், பொத்தானையும் அமத்திவிட்டார்கள். அடுத்தமுறை அவள் வந்தபோது கீழே காவலாளி மேலே விடவில்லை. நோயாளி ஓய்வில் இருக்கிறா என்றானாம்.

மாத முடிவில் ஒரு நினைவுக் கூட்டம் நடந்தது. எங்கள் முன்வரிசையில் இருந்த இரத்மலானைப் பெண்ணுக்கு வருத்தம் திரும்பி, ஈரலுக்கும் போய், ஆள் போய்விட்டாள். அவளுக்கும் கை மேலே போகவில்லை என்றுதான் கரண்ட் பிடிப்பைத் தள்ளித் தள்ளி வைத்திருந்தார்கள். அவளுடைய கதிரைக்கு மாலை போட்டிருந்தார்கள். இரத்தினசிங்கம் தழுதழுத்த குரலில் பேசினார். சகோதரி நம்மைவிட்டுப் பிரிந்தாலும் அவருக்கான நடை ஒருநாளும் தடைப்படவில்லை, அவர் கண்மூடிய அந்தக் காலையில்கூட அவருடைய பிரதிநிதி கடமை தவறாமல் நடந்துகொண்டிருந்தார், இதுவே பேரவையின் மாபெரும் வெற்றி என்றார். அந்தக் கணவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் மெலிந்து, இளமையாகி, கன்னம் பளபளத்து நின்றார். தொடர்ந்தும் அவளுக்காக நடப்பதாக மேடையில் வாக்குக் கொடுத்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் தன் தூளியின் முடிச்சைத் தடவிப் பார்த்தாள். நானும் என்னுடையதைத் தடவிப் பார்த்தேன்.

எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டாம் என்று பேரவை ஒருநாளும் சொல்லவில்லை, வாகனம்கூடத் தந்தது. மெஷின் அறைக்குள் தூளியைக் கழற்றி, குளிர்ந்த பலகையில் படுத்தேன். அங்கே வேலை செய்யும் பெடியன் நல்லவன். கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொன்னான். தூக்கினேன். தோளோடு நின்றது.

"தவ பொட்டக், அம்மே," என்றான். இன்னும் கொஞ்சம்.

இன்னும் கொஞ்சம் என்று அவன் சொல்லச் சொல்ல, நான் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றேன். தோள்மூட்டில் யாரோ பூட்டுப் போட்டதுபோல இருந்தது. கடைசியில் அவன் மெஷினை நிறுத்திவிட்டு டொக்டரைக் கூப்பிட்டான். அவள் வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மார்பை எடுத்தவுடன் நல்லாக இருந்த தோளுக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். நான் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. இரண்டு கிழமை தருகிறேன், அதற்குள் கை மேலே வரவேண்டும், உனக்காக வேறு யாரும் இதைச் செய்ய ஏலாது என்று சிங்களத்திலும் தமிழிலும் சொன்னாள். அதற்கு மேலும் பிந்தினால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றாள்.

வெளியே தவராசா நின்றார். வாகனத்தில் ஏறமுன் அவருடைய சேட் நுனியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். நான் சாகப்போகிறேன், நீங்கள் நடப்பதால் நான் பிழைக்கமாட்டேன், நான்தான் நடக்கவேண்டும், நான்தான் கையைத் தூக்கவேண்டும் என்றேன். அவர் முகம் கறுத்துப்போனது. நேர்த்தியை இடையில் விட்டால் குற்றம் வந்துவிடும் என்று கௌரி சொன்னதாக முணுமுணுத்தார். பிறகு என் கண்ணைப் பார்த்தார். அழுதார். ஓம் என்றார். அடுத்த பொதுக்கூட்டத்தில் நோயாளர் தாமே நடக்கலாம் என்று நான் பிரேரணை கொண்டுவந்தால் தான் என் பக்கம் நிற்பதாகச் சொன்னார். பேரவை விட்டால்தான் வீட்டிலிருப்பவர்கள் எழும்பிப் போவார்கள், கீழே காவலாளி ருக்கியாவை விடுவான், அலுமாரி நகரும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பொதுக்கூட்டத்தில் முன்வரிசையில் நாங்கள், எல்லாருடைய கையும் தூளியில். பின்னால் வெள்ளை ரீசேட் போட்ட பிரதிநிதிகள். நான் எழுந்து பிரேரணையைச் சொன்னேன். என்னை இருத்த ஓடிவந்த தொண்டர்களைத் தலைவரே கையால் தடுத்தார். ஜனநாயகம் என்றார். எனக்குப் பக்கத்தில் சில பெண்களின் மூச்சு மாறுவது கேட்டது. இரத்மலானைப் பெண்ணின் கதிரைக்குப் பக்கத்தில் இருந்தவள் மெல்ல எழும்பி என்னை ஆமோதித்தாள். அவளுடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்த நிமிடம் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரத்தினசிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பேசினார்.

"அன்புச் சகோதரி தானே நடக்கவேண்டும் என்கிறார். நல்லது. தானே நடப்பதென்றால் நாம் எதற்கு? இந்தப் பேரவை எதற்கு? இன்று ஒருவர் நடப்பார், நாளை இன்னொருவர் நடப்பார். எல்லாரும் நடந்து, எல்லாரும் குணமாகி, அவரவர் பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டால், அடுத்த ஆண்டு விழாவில் இந்த முன்வரிசையில் நாம் யாரை இருத்துவது? சிந்தியுங்கள். நாம் உங்களை எவ்வளவு நேசிக்கிறோம் என்பதைச் சிந்தியுங்கள்."

மண்டபத்தில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு அவர் பிரதிநிதிகளின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். இதுவரை தாம் நடந்த நடையெல்லாம் வீண் என்று நினைப்பவர்கள் இந்தப் பிரேரணையை ஆதரிக்கலாம் என்றார். இடையில் கைவிட்ட நேர்த்தியினால் யாருக்கு என்ன நேர்ந்தது என்று தான் இந்த இடத்தில் சொல்ல விரும்பவில்லை என்றார். சொல்லாமலே மாலை போட்ட அந்தக் கதிரையைப் பார்த்தார். அவளுடைய கணவர் ஒருநாளும் கைவிடவில்லையே என்று எனக்குக் கத்தவேண்டும்போல இருந்தது.

இனி வாக்கெடுப்பு என்றார் செயலாளர். நான் தூளியிலிருந்து கையை வெளியே எடுத்தேன். நோவைப் பற்றிக் கவலைப்படவில்லை, தோள் பிய்ந்தாலும் பரவாயில்லை என்று தூக்கப்போனேன். கௌரி பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கை தூக்கிறதும் அப்பியாசம்தானே சுபோ. அது இன்னும் அனுமதிக்கப்படேல்ல. உங்களுக்காக அவர் தூக்குவார்."

சபையில் அது நியாயமாகவே பட்டது. நோயாளரின் வாக்கைப் பிரதிநிதிகள் அளிப்பார்கள் என்று அறிவித்தார்கள். ஆதரிப்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்று செயலாளர் கூப்பிட்டார். நான் கதிரையில் திரும்பிப் பின்னால் பார்த்தேன். வரிசை வரிசையாக வெள்ளை ரீசேட்டுகள். நடுவில் தவராசா. அவர் என்னைப் பார்க்கவில்லை, தன்னுடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையும் உயரவில்லை. நான் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணம் முடித்த நாள் தொடக்கம் ஒருநாளும் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

எதிர்ப்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார் செயலாளர்.

எல்லாக் கைகளும் எழும்பின. அவருடைய வலது கையும் எழும்பியது. நோவில்லாமல், தடங்கலில்லாமல், தோளைத் தாண்டி, காதோடு ஒட்டி, நேராகத் தலைக்கு மேலே போய் நின்றது. மெஷின் அறையில் அந்தப் பெடியன் என்னிடம் கெஞ்சிக் கேட்டது சரியாக அந்த உயரத்தைத்தான். பின்னால் அவ்வளவு கைகள் மேலே நிற்க, முன்வரிசையில் நாங்கள் தூளியோடு இருந்தோம். பிரேரணை ஏகமனதாகத் தோற்கடிக்கப்பட்டது என்று செயலாளர் வாசித்தார். கௌரி என் கையை எடுத்து உள்ளே வைத்து, முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டார்.

கூட்டம் கலையத் தவராசா வந்து எனக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அவருடைய வலது கையைத்தான் பார்த்தேன், உரமேறி, நரம்பு தெரிய, சுகதேகியாக இருந்த அந்தக் கையை.

"பயப்படாதையும் சுபோ," என்றார். "உமக்காகத்தான் தூக்கினனான்."